அஞ்சில் ஒரு வயல்

கோடை எப்படி இருக்கும் என்று வானிலை ஆபீஸ் பிப்ரவரியிலேயே சொல்லிவிடும். அந்தத் தாளைப் பக்கத்து வீட்டு கினுயோ அக்கா பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாள். அந்த வருஷம் அதில் மூன்று எண்கள்: வெயில் ஐம்பது, வழக்கம்போல் முப்பது, குளிர் இருபது.

டோக்கியோவுக்கு வெகு வடக்கே எங்கள் கரையில் குளிர் என்றால் யமாசே, கடலிலிருந்து மூடுபனியோடு வரும் காற்று. கதிர் தண்டுக்குள் சூலாக இருக்கும்போது அது பட்டால் அத்தனையும் பதர். வயலில் ஒரு சாண் தண்ணீர் கட்டினால் சூலுக்கு அதுதான் போர்வை. அதற்கு நடவுக்கு முன்பே வரப்பை உயர்த்தியிருக்க வேண்டும்.

அக்காவின் கணவர் தெட்சுஜி அண்ணனுக்கு அப்போது இடுப்பு போயிருந்தது. விளைச்சல் பொய்த்தால் அந்த இடுப்போடு டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டும். அக்காவுக்கு அந்தப் பயம்தான்.

"நூத்துக்கு இருபதுன்னா அஞ்சுல ஒண்ணு. நமக்கு அஞ்சு வயல். ஒண்ணுக்கு வரப்பு ஏத்துனா போதுங்க. நானே ஏத்திடுவேன்."

"வந்துட்டாங்க ஆபீசரம்மா!" என்றார் அண்ணன். ஒரு வயலுக்கும் வரப்பு ஏற்றாத நானும் சிரித்தேன்.

ஜூலையில் யமாசே வந்தது. பத்து நாள் வெள்ளைக்குள் கிடந்தோம். வரப்பும் கடலும் ஒன்றாகி, அக்கா மேகத்தில் நடப்பதுபோல் இருந்தது. வரப்பை உயர்த்தித் தண்ணீர் கட்டியிருந்த அந்த ஒரு வயலில் கையை விட்டாள்.

"உள்ள வெதுவெதுன்னு இருக்குடி. கைய எடுக்கவே மனசு வரல."

மற்ற நான்கிலும் வரப்பின் மேல் சேற்றை அள்ளி அள்ளி வைத்தாள். வைக்க வைக்கச் சரிந்தது.

அறுவடையில் நான்கு வயல் விறைத்து நின்றது. ஒன்று மட்டும் தலை சாய்ந்திருந்தது.

"தாள் ஏமாத்திடுச்சேக்கா."

"அது இருபதுன்னு ஒழுங்காத்தான் சொல்லுச்சு. குளிர் வந்தா அஞ்சுக்கும் சேத்துத்தான் வரும்னு இந்த மரமண்டைக்குத்தான் உறைக்கல."

முதல் பனி விழுந்த காலை அண்ணன் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். அக்கா ஓர் அரிசிப் பையை அவர் கையில் திணித்தாள்.

"டோக்கியோல அரிசி கிடைக்காதாக்கும்?"

"கிடைக்கும். இது போர்வைக்குள்ள தூங்குன அரிசி. குனிஞ்சு எதையும் தூக்காதீங்க."

அண்ணன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் அதே பஸ்ஸில்தான் போனார். அவரிடம் கொடுத்தனுப்ப என்னிடம் ஒரு பிடி அரிசி இல்லை.

பஸ் மறைந்ததும் அக்கா மண்வெட்டியோடு இரண்டாவது வயலின் வரப்புக்குப் போனாள்.

"அடுத்த தாள் இன்னும் வரலையேக்கா?"

"வரட்டும்" என்றாள். நான் என் மண்வெட்டியைத் தேடப் போனேன்.