நான் போட்ட இரண்டு முடிச்சு

எனக்குப் பொறாமை வந்த கதையைச் சொல்லப் போகிறேன். என்னை நல்லவளாக எழுதிக் காட்ட இந்த வயதில் ஆசையில்லை.

அத்தை மகன் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தார். அப்பாவின் அக்கா பிள்ளை, எனக்கு முறை மாப்பிள்ளை. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அதற்கு எழுத்தும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. மாமன் மகள் இருக்கும்போது அத்தை மகன் வேறு எங்கே போய்விடப் போகிறான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்ற செய்தி வந்தபின் மாதக்கணக்கில் அவரைப் பற்றித் தகவலே இல்லை. அத்தை புருஷனை முன்பே பறிகொடுத்தவள். அவளுக்கு அவர் ஒரே பிள்ளை, கூடப் பிறந்த பெண்ணும் கிடையாது. சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அப்புறம் கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. காடு மலையெல்லாம் நடந்து தப்பித்து வந்துவிட்டேன், இன்ன நாள் ரயிலில் அரியலூருக்கு வருகிறேன் என்று நாலே வரி. கூட ஒருத்தி வருகிறாள் என்று அந்த நாலு வரியில் ஒரு வார்த்தை இல்லை.

அப்பா வண்டி கட்டினார். அத்தை ஏறினாள். வயசுப் பெண் ரயிலடிக்குப் போவதா என்று அம்மா கத்தியும் நான் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தேன். தலை நிறைய கனகாம்பரம்.

ரயிலிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் இறங்கினார். அவர்தான் என்று அத்தைக்கு மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பூப்போட்ட லுங்கி, சின்ன மூக்கு, இடுங்கிய கண். பாதம் இரண்டிலும் துணி சுற்றியிருந்தாள்.

“யாருடா இது?” என்றாள் அத்தை.

“ஒன் மருமவம்மா” என்றார்.

மில் வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பர்மாக்காரியின் மகளாம். அங்கேயே அவர்கள் வழக்கப்படி கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிந்துவிட்டதாம். திரும்பும்போது அவள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்திரிக்காடு தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தள்ளிவிடலாம் போலிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊர் பேசியது. அந்தப் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போனவர்களில் அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்தால் ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும். அந்த ஒருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அது ஆம்பளை சமாச்சாரம். கையோடு கூட்டி வந்தால்தான் சாதி கெட்டுவிடும், குலம் கெட்டுவிடும். சண்டை முடிந்து அப்படி இன்னும் இரண்டு பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தபோது ஊர் அவ்வளவாக வாய் திறக்கவில்லை. பழகிப்போயிருந்தது. பழக்கிவிட்டவள் இவள்தான், முதல் அடியெல்லாம் வாங்கியவளும் இவள்தான்.

எனக்குச் சாதியும் இல்லை, குலமும் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான். அவள் எண்ணெயே வைக்காத முடி முழங்கால்வரை நேராகத் தொங்கியது. அந்தக் காட்டு நடையிலும் ஒரு துண்டு மரக்கட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். அதன் பட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்துச் சந்தனம் மாதிரி கன்னத்தில் பூசிக்கொள்வாள். அவள் இல்லாத நேரத்தில் நானும் பூசிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது என் மூஞ்சி. கழுவிவிட்டு அழுதேன்.

இன்னொன்று அதைவிட மோசம். ஒரு நாள் காலை அத்தை வீட்டு முற்றத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் அவர் அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பெண்ணெய் தடவினார். புண்ணில் ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார். அவள் முகம் சுளித்தால் அவர் முகமும் சுளித்தது. சமையல் கற்றுக்கொள்ளலாம், முடி வளர்க்கலாம். அவரோடு அந்தக் காட்டை நான் நடக்க முடியுமா? என் கால் அரியலூர் ரயிலடியைத் தாண்டி எங்கும் போனதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அப்பா ஒரு வழி சொன்னார். “அவ பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்துட்டுப் போவட்டும் மாப்ள. ஊரறியத் தாலி கட்டுறது நம்ம பொண்ணுக்கா இருக்கட்டும்.” அன்றைக்கு அது ஒன்றும் கேவலமான யோசனை இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நானும் சரியென்றுதான் நினைத்தேன்.

“கட்டுறதா இருந்தா அவளுக்குத்தான் கட்டுவேன் மாமா” என்றார் அவர்.

அத்தைக்கு முடிவெடுக்க இரண்டு நாள் ஆனது. செத்துப்போனதாக நினைத்த பிள்ளையைத் திரும்பத் துரத்தவும் மனசில்லை, வந்தவளை ஏற்கவும் மனசில்லை. கடைசியில் சொன்னாள். “அப்ப முறையா நடக்கட்டும். புள்ளையார் கோயில்ல, சனத்துக்கு முன்னால கட்டு. ஆனா நாத்தனா முடிச்சு விழாத தாலி என் வூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. அதுவரைக்கும் அவ மாட்டுக்கொட்டாயிலயே இருக்கட்டும்.”

எங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார். அடுத்த இரண்டையும் அவருடைய தங்கை முறை உள்ள பெண் போட வேண்டும். அவருக்கோ கூடப் பிறந்தவள் இல்லை. பங்காளி வீட்டில் தங்கை முறைக்கு நாலு பெண்கள் இருந்தார்கள். யாரும் வர மாட்டார்கள் என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் நிம்மதியாகக் கோயிலுக்குப் போனேன்.

யாரும் வரவில்லை. மொத்தமே பதினைந்து பேர், அதிலும் பாதி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். அவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி நின்றார். “நாத்தனா யாரு, வாங்க” என்றார் பூசாரி. ஒருவரும் அசையவில்லை. தலையில் போட்ட துண்டுக்குக் கீழே அவள் கழுத்து வியர்த்திருந்தது. எனக்குப் பின்னாலிருந்த ஒருத்தி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். “பாவம், இந்தப் பொண்ணு இலவு காத்த கிளியாப் போச்சு” என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். பெருந்தன்மையில் எழுந்தேன் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பொய். அந்த உச்சுக்கொட்டலைத் தாங்க முடியவில்லை. அந்தக் கயிறு என் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதும் எழும்போதே மனசில் வந்துவிட்டது.

“நீ எப்படிம்மா? ஒனக்குக் கட்டிக்கிற முறையாச்சே” என்றார் பூசாரி.

“இன்னயிலேருந்து தங்கச்சி முறைன்னு வச்சுக்கங்க” என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! அவர் மட்டும் கைகூப்பினார். அது இன்னும் எரிந்தது.

கன்றுக்குட்டியைக் கட்டும்போது ஒரு முடிச்சுப் போடுவோம். பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த முடிச்சைத்தான் இரண்டு தடவை போட்டேன். ஆண்கள் அவசரத்தில் போடும் முதல் முடிச்சு தானாக நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். தாலி கழன்று விழுந்தால் அபசகுனம் என்று அத்தை அவளை அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவாள். அதற்கப்புறம் யாருக்கு என்ன முறை என்று பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தலையோடு வந்து என் எதிரில் குந்தினாள். மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே தாலி. பயமே இல்லை அவள் முகத்தில். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

“நாத்தனா, அவுந்து போச்சு. கட்டு” என்றாள். மில்காரர்களிடம் கற்ற தமிழ்.

வாய்க்கால் மேட்டில் அத்தை குடத்தோடு வருவது தெரிந்தது. கூட இரண்டு பெண்கள். நான் சும்மா இருந்தாலே போதும். துணியை அடித்துக்கொண்டே இருந்தால் போதும்.

அவள் ரவிக்கையைக் கொஞ்சம் இறக்கித் தோளைக் காட்டினாள். இரண்டு பக்கமும் கயிறு அறுத்த தழும்பு கறுத்துக் கிடந்தது. “காட்டுல மூட்டை. கயிறு இறுக்கி, இறுக்கி, புண்ணு. நீ பாத்தே. அதான் லேசாக் கட்டுனே. வலிக்கக்கூடாதுன்னு” என்றாள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. அவளைத் திருப்பி உட்காரவைத்து, ஈரமுடியை ஒதுக்கி, மூன்று முடிச்சையும் நானே போட்டேன். ஒவ்வொன்றையும் இறுக்கினேன்.

“அங்க என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று அத்தை மேட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

“தலை துவட்டி விடுறேன் அத்தே” என்றேன்.

கோயிலில் அவ்வளவு வாய் பேசினேனே தவிர, மூன்று நாளாக அவரை எந்த முறை வைத்தும் நான் கூப்பிடவில்லை. அவள் இன்னும் எழாமல் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப போ. அண்ணன் தேடுவாரு” என்றேன்.