கிடாயின் இடப்பக்கம்

அன்று காலை வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான் இருந்தோம். அம்மா ஆழ்வார்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தங்கை கல்லூரிக்கு. அவளுடைய அடுத்த கட்டணத்துக்கென்று அம்மா வளர்த்த கிடாய், மந்தைவெளிச் சந்தில் எங்கள் வாசல் சுவரை ஒட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்ரீத்துக்கு எடுத்துக்கொள்வதாக வியாபாரி பதினெட்டாயிரம் பேசியிருந்தார்.

"கல்யாண மண்டபத்துச் சோறு கொட்டிக் கெடந்துச்சில்ல, அத்த துன்னுட்டு வவுறு ஊதிக்கினு கீதுடா."

"இல்ல நைனா. வாயால மூச்சு வுடுது பாரு. நெஞ்சுல சளி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விலங்கியல் பட்டம் வேறு. ரேஷன் கார்டிலிருந்து காய்ச்சல் மாத்திரைவரை நான் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. இருபது வருடம் ஆடு வளர்த்தவர், "படிச்சவன், நீ சொன்னா சரி" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அந்த வார்த்தையின் மேல்தான். ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா?

கைபேசியில் நேரம் வைத்து, விலா எழும்பித் தாழ்வதை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாதது ஐம்பத்தைந்து. நோட்டில் எழுதினேன். வாளியில் வெந்நீர் ஊற்றி, தைலம் விட்டு, கிடாயின் தலையைப் போர்வையால் மூடி ஆவி காட்டினேன்.

எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்தாள். "இன்னா தம்பி, ஆட்டுக்கு பியூட்டி பார்லரா?"

மறுபடி எண்ணினேன். எழுபது. அப்போதுதான் பயந்துபோய் ஆட்டோவைக் கூப்பிட்டேன். "சீட்டுல புழுக்க போட்டா நீதான் கழுவணும் மச்சி" என்று சொல்லித்தான் ஏற்றினான் ஓட்டுகிறவன். கால்நடை மருத்துவமனை வாசலில் இறக்கும்போதே தலை தொங்கிவிட்டது.

டாக்டர் இடப்பக்க வயிற்றைத் தட்டினார். மேளம்போலக் கேட்டது. "நுரையீரல்ல ஒண்ணுமில்லப்பா. சோறு புளிச்சு, வயித்துல காத்து அடைச்சு, நுரையீரலை விரிய விடாம அமுக்கிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா குழாய் விட்டுக் காத்தை எடுத்திருக்கலாம். இந்தப் பக்கம் இவ்ளோ உப்பியிருக்கே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. இடப்பக்கம் சுவரோரம் இருந்தது. காலை முழுக்க வலப்பக்கம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அதைத் திருப்பிப் போடத் தோன்றவேயில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் நைனா, "புள்ள நல்லாத்தான் பார்த்தான். அது விதி" என்றார். நான் நோட்டைத் திறந்து கணக்கு எழுதினேன்.

ஆட்டோவுக்குப் போக வர எழுநூறு. கிடாயோடு சேர்த்து, போனது பதினெட்டாயிரத்து எழுநூறு.