ஆறக்கூடாத புண்

இருதயமேரிக்கு இடது கால் புண்ணு ஆறிக்கிட்டு வந்தது. ஊர்ல யாருக்கும் வராத கவலை அவளுக்கு வந்தது: ஐயோ, ஆறிப்போச்சுன்னா என்ன செய்ய? கேட்டா சிரிப்பு வரத்தான் செய்யும். முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனியில இருபத்தெட்டு வருசம், புண்ணுல வைக்கிற காஸ் துணி மடிச்ச பொம்பளை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருசமாச்சு. ஒரே மக ஆஷிகா குவைத்துல, படுக்கையில கிடக்கிற ஒரு கிழவியைப் பார்த்துக்கிற வேலைக்குப் போய் மூணு வருசம். ரெண்டு வருசத்துல லீவுன்னு சொன்னது, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு இழுத்துக்கிட்டே போகுது. இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கூடி, செருப்புக் கடிச்ச இடம் குழிப்புண்ணாயிருச்சு. மக அங்கிருந்தே போன் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல, சீக்காளியைப் பார்த்துக்க வீட்டுக்கே ஆள் அனுப்புற ஒரு ஆபீஸைப் பிடிச்சா. தெனமும் காலையில பஸ் ஏறி வந்துருவா சுந்தரம்மாள். புண்ணைக் கழுவி, மருந்து வச்சு, கட்டுப் போட்டு, போட்டோ எடுத்து ஆஷிகாவுக்கு அனுப்பிட்டுத்தான் கிளம்புவா.

பெத்த மக எவளோ ஒரு கிழவிக்குக் கால் அமுக்குறா, என் காலை எவளோ ஒருத்தி கழுவுறாளேன்னு முதல்ல இருதயமேரிக்கு ஆத்திரமான ஆத்திரம். "கை வைக்காதட்டி!"ன்னு விரட்டிவிட்டா. சுந்தரம்மாள் அசரலை. "திட்டுங்க யக்கா. காலை நீட்டிக்கிட்டுத் திட்டுங்க"ம்பா. போகப்போக, பஸ் செத்த நேரம் பிந்தினாலே இருதயமேரி வாசலைப் பார்க்க ஆரம்பிச்சிட்டா.

அப்பத்தான் ஒருநாள் ஆஷிகா போன்ல சொன்னா. "மேடம்கிட்ட லீவு கேட்டேம்மா. அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னாத்தான் விடுவாகளாம். உனக்குத்தான் ஆறிட்டு வருதே, அது போதும்மா."

மக சந்தோசமாத்தான் சொன்னா. தாய்க்காரி மனசுல அது வேற மாதிரி விழுந்தது.

மறுநாள் சுந்தரம்மாள் தலை மறைஞ்சதும் கட்டை அவிழ்த்து, காலை வாளித் தண்ணியில முக்கினா. எரிச்சல்ல உயிர் போச்சு. "ஒரு தடவை வந்துட்டுப் போ தாயி"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பொறவு புதுக் காஸ் எடுத்து மடிச்சு, பழையபடி கட்டிக்கிட்டா. இப்படியே பத்து நாள். புண்ணு மறுபடி வாய் திறந்துருச்சு. சுந்தரம்மாளுக்கு மண்டை குழம்பிப்போச்சு. "இப்படியே போனா விரலை எடுக்கணும்னு சொல்லிருவாக யக்கா"ன்னு அவ கண் கலங்குனா. இருதயமேரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா.

சுந்தரம்மாளுக்குத் தன் வேலையில குறையில்லைன்னு காட்டணுமே! பதினோராம் நாள், கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு, பிரிக்கையில ஒண்ணுன்னு போட்டோ எடுத்து அனுப்பினா சுந்தரம்மாள். அஞ்சு நிமிசத்துல ஆஷிகா வீடியோ கால்ல வந்துட்டா.

"யக்கா, இந்தக் கட்டு யாரு போட்டது?"

"நான்தான், நேத்து."

"இல்ல. நீங்க சும்மா நாலா மடிச்சு வைப்பீக. இதுல வெட்டுன ஓரமெல்லாம் உள்ள போயிருக்கு. நூல் பிரிஞ்சு புண்ணுல விழுந்துரக் கூடாதுன்னு கம்பெனியில மடிக்கிற மடிப்பு. இது எங்கம்மா கை."

அடப் பாவமே! புண்ணை ஆறவிடக் கூடாதுன்னு தண்ணியில முக்கின அதே கை, அதுல ஒரு நூல் விழுந்துரக் கூடாதுன்னும் பார்த்திருக்கு.

இருதயமேரி ஓன்னு அழுதுட்டா. "நான்தான் தெனமும் வாளித் தண்ணியில முக்குனேன். உன்னைத் தொட்டு மூணு வருசமாச்சுடி. காலு போனாப் போகட்டும், நீ வந்தாப் போதும்."

ஆஷிகா போனைத் திருப்பிக் காட்டினா. அந்தக் கிழவியோட கட்டில் பக்கத்து மேசையில, படுக்கைப் புண்ணுக்கு வரிசையா மடிச்ச காஸ். அம்புட்டும் ஓரம் உள்ள போன மடிப்பு.

"தெனமும் இதை மடிக்கையில உன் நினைப்புத்தான். எனக்கு மட்டும் ஆசையில்லையாம்மா? நான் என்னைக்கு வந்தாலும் நீ ரெண்டு காலோட வாசல்ல நிக்கணும்."

"என்னைக்குடி வருவ?"

"தெரியலைம்மா."

போன் வச்சதும் சுந்தரம்மாள் வாளியை எடுத்துட்டுப் போய் வெளியே கவுத்திட்டு வந்தா. இருதயமேரி தானா காலை நீட்டினா.

"நீயே மடிச்சு வையிட்டி. ஓரம் வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்ல"ன்னுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "அவளுக்கு எழுதிப் போடு, ஆறிட்டு வருதுன்னு."