நனையாத மடி

பட்டினப்பாக்கம் பாஞ்சாலிக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் காலை மிதித்தவனை அவன் இறங்கும்வரை விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள், பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டாள்.

வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவள் தொழில். பதினாறு வருஷமாகச் செய்கிறாள். நீட்டிய காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றினால், எந்த ஆண் குழந்தையும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவள் முகத்துக்கே மூத்திரம் பீய்ச்சிவிடும். ராயப்பேட்டை ஜுவேரியாவின் தலைச்சன் பிள்ளை ஜீஷான் மட்டும் பீய்ச்சவே இல்லை. முக்குவான், முகம் சிவக்கும், சொட்டுச் சொட்டாக வடியும், அவ்வளவுதான். பத்தாம் நாளே அவளுக்கு உறுத்தியது.

"புள்ள ஒண்ணுக்கு நல்லா போவுதாம்மா?" என்று கேட்டாள்.

"டயப்பர் எப்பவும் ஈரமாத்தான் இருக்கு பாஞ்சாலிக்கா," என்றாள் ஜுவேரியா.

அதற்குமேல் பாஞ்சாலி கேட்கவில்லை. போன வருஷம் தி.நகரில் ஒரு வீட்டில், குழந்தை மஞ்சளாக இருக்கிறதே என்று சொன்னதற்கு, கண்ணு வைக்கிறாள் என்று மறுநாளே நிறுத்திவிட்டார்கள். நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிட்டாள். இதுவா வம்பு, அடிப்பாவி?

இருபத்தாறாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, வயிறு உப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூத்திரப் பாதையில் பிறவியிலேயே சவ்வு மறித்திருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் எங்கோ ஆயிரக்கணக்கில் ஒருத்தனுக்கு வருவது என்றார் டாக்டர். குழாய் போட்டு வடித்தார்கள். காய்ச்சல் தணிந்ததும் உள்ளே கேமரா விட்டுச் சவ்வை அறுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் தேங்கிய மூத்திரத்தில் ஒரு கிட்னி கெட்டுவிட்டது. மற்றதை ஆயுசுக்கும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின் முதல் குளியல். வெந்நீர் வயிற்றில் பட்டதும் ஜீஷான் பீய்ச்சினான். பாஞ்சாலியின் கழுத்து, ரவிக்கை, மடி எல்லாம் நனைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஜுவேரியா சிரித்தாள்.

"இவன் இப்படிப் பீய்ச்சிப் பாத்திருக்கீங்களான்னு டாக்டர் கேட்டாரு அக்கா. நான் எங்க பாத்தேன், எந்நேரமும் டயப்பர்தானே. பத்து பதினஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா ரெண்டு கிட்னியும் தப்பியிருக்கலாம்னாரு."

பாஞ்சாலி நிமிரவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான் பாத்தேம்மா. பத்தாம் நாளே பாத்தேன். வாயத் தொறக்காம வந்து போய்க்கினு இருந்தேன்."

ஜுவேரியாவின் சிரிப்பு நின்றது. குனிந்து, சோப்பு நுரையோடு பிள்ளையை அவள் காலிலிருந்து எடுத்துக்கொண்டாள். மிச்சத் தண்ணீரைத் தானே ஊற்றினாள்.

பாஞ்சாலி நீட்டிய காலை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.