மனைவியின் சிலிண்டரில் மிச்சக் காற்று

மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டா? நான் போன ஞாயிறு பட்டேன். அதுவும் நாற்பது அடி ஆழத்தில்!

யுத்தம் சற்று ஓய்ந்திருக்கிறது, கடலில் இறங்க விடுகிறார்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு எத்தனை வருடம்தான் கரையிலேயே நிற்பது? நானும் வசந்தியும் கல்கிசையில், காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கப் பழக்கும் ஒரு ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தோம்.

சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட ஒரு மீற்றர் உண்டு. முள் இருநூறில் தொடங்கும். நூறுக்கு வந்தால் கூட மூழ்கும் ஜோடிக்குச் சைகை காட்ட வேண்டும். ஐம்பதுக்கு முன் மேலே திரும்பிவிட வேண்டும்.

வினை அந்த முள்ளில்தான். ஒவ்வொரு தடவையும் என் காற்றுத்தான் முதலில் தீரும். "மேடத்தைப் போல மூச்சு விடுங்கள்" என்பார் பயிற்சியாளர், எல்லார் முன்னிலையிலும். பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கோப்பை வாங்கியவன் நான். அவள் நீந்தப் பழகியே ஆறு மாதம்... வயிறு எரியாதா?

அன்றைக்கு, மூழ்கிய கப்பல் ஒன்றின் அருகே, 'எவ்வளவு?' என்று சைகையில் கேட்டாள். அவளுக்கு நூற்றி நாற்பது. எனக்கு எழுபது. நான் விரல்களால் காட்டியது நூற்றி இருபது — கூசாமல்.

நம்பிவிட்டாள். மீன்களுக்குப் பின்னால் போனோம். கொஞ்ச நேரத்தில் மூச்சை இழுக்க இழுக்க வரவில்லை. முள் அடியில் கிடந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். காற்று இல்லை என்று, கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினேன்.

அவள் பதறவில்லை. தன் உபரிக் குழாயை என் வாயில் வைத்தாள். என் பட்டியைப் பிடித்து, அவசரப்படாமல் மேலே கொண்டுவந்தாள். அவளுடைய காற்றைக் குடித்தபடியே அவளுடைய மீற்றரைப் பார்த்தேன். இன்னும் நூறு! அப்போதும் பொறாமைதான்.

படகில் ஏறியதும் வெடித்தாள்.

"உங்களுக்கு விசரே? ஏன் பொய் காட்டினனீங்கள்?"

"அதை விடும். உமக்கு மட்டும் எப்பிடிக் காத்து மிஞ்சுது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கள் வீட்டிலயிருந்து எழுதுறனீங்கள். நான் கொள்ளுப்பிட்டிக்கு பஸ்ஸில வேலைக்குப் போறனான். போன வருசம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் செக்பொயின்ற்ல ஆமிக்காரர் தமிழ் ஆக்களை இறக்கி ஐடென்ரிற்றி காட்டைப் பாத்தவங்கள். முகத்தில பயம் தெரிஞ்சால் ஒரு பக்கமா நிப்பாட்டுவாங்கள். மூச்சை மெல்ல மெல்ல விட்டுத்தான் நிண்டனான். அப்பிடிப் பழகினது."

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே?"

"கேட்டால்தானே சொல்ல."

ஒரே வீட்டில் பதினோரு வருடம்... பொறாமைப்பட மட்டும் எனக்கு நேரம் இருந்திருக்கிறது!