ஓட வேண்டியவன் வழுக்கிக்கொண்டு போனான்

எண்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். ஆரணியில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துவது என் வேலை. என் அக்கா கட்டம் போட்ட காகிதத்தில் புடவைக்கான பூக்களை வரைவாள். அவள் கறுப்பாக்கிய கட்டங்களைப் பார்த்து நான் அட்டையில் ஓட்டை போடுவேன். அந்த ஓட்டைகளின்படிதான் தறி பூவை நெய்யும். ஒரு கட்டம் தப்பினாலும் புடவை நெடுக அதே தப்பு பூத்துக்கொண்டே போகும். அதனால் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு திங்கட்கிழமை, மெட்ராஸிலிருந்து ஒருவர் அக்காவைத் தேடி வந்தார். வீடியோ கேம் செய்கிற கம்பெனியாம். டிவி பெட்டியில் பொம்மை ஓடுமாம், குதிக்குமாம். அதை அக்கா வரைந்து தர வேண்டுமாம்.

"ஏங்க, மெட்ராஸ்ல ஆளே இல்லியா?" என்றேன்.

"நாங்க மொத்தம் ஏழு பேருங்க. ஏழு பேரும் இன்ஜினியர். மனுஷனை வரைஞ்சா பூசணிக்காயா வருது. நாட்டுலயே இந்த வேலை செய்யறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். கட்டத்துக்குள்ள வரையத் தெரிஞ்சவங்க உங்க ஊர்லதானே இருக்காங்க?"

ஓடுகிற மனிதன் ஒருவனைப் பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில், நாலு தாளில் வரையச் சொன்னார். வெள்ளிக்கிழமை மெஷினோடு வருவாராம். சரியாக வந்தால் அக்காவுக்கு வேலை. பேசும்போதே அவர் கண் அக்காவின் டிசைன் நோட்டுகள் மேல் போயிற்று. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. வேறு ஊர்ப் பட்டுக்காரன் அனுப்பிய டிசைன் திருடன்! அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நோட்டுகளை அரிசி டிரம்மில் போட்டேன்.

"இன்னாடா பண்ணிகினு கீற?" என்றாள் அக்கா.

"நோட்டுல எறும்பு ஏறுதுக்கா."

"எறும்புக்கு பயந்து அரிசிலயா வெப்பாங்க? பேஜார் புடிச்சவனே!"

அக்காவுக்கோ அந்த வேலை மேல் அப்படியொரு ஆசை. இத்தனை வருஷத்தில் இந்தப் பூவை யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது அவளைத் தேடி ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறாரே!

வியாழக்கிழமை நாலு தாளையும் முடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் களம்பூர் போனாள். எட்டிப் பார்த்தேன். நாலும் ஒன்றுபோல் இல்லை! ஒன்றில் வலது கால் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் முட்டி மடங்கிக் கிடந்தது. அக்காவின் கையா இப்படித் தப்பும்? அந்த ஆள்தான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்து, 'வேலை சரியில்லை, நோட்டையாவது கொடு' என்று கேட்கப் போகிறான்.

விடுவேனா? பிளேடால் சுரண்டி, மை தொட்டு, இரண்டு மணி நேரத்தில் நாலு பேரையும் அச்சு அசலாக ஒரே ஆளாக்கினேன். உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். அவ்வளவு பொறுப்பு!

வெள்ளிக்கிழமை அக்கா திரும்பிய பிறகு அவர் வந்தார். கொண்டுவந்த மெஷினை எங்கள் வீட்டு டிவியில் ஒயரால் மாட்டி, உறையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து மெஷினில் தட்டினார். நான் அவருடைய பையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பட்டனை அழுத்தினார். டிவியில் மனிதன் தோன்றினான். காலே அசையாமல், சாமி புறப்பாடு மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனான்.

"ஓடலியேம்மா." அவர் முகம் சுருங்கியது. "நாலு படமும் வேற வேறயா இருந்து, மாறி மாறி வந்தாதானே ஓடற மாதிரி தெரியும்?" ஒயரைப் பிடுங்கக் கை வைத்தார்.

அக்கா ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுரண்டிய இடமெல்லாம் பல்லைக் காட்டியது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். முப்பத்தைந்து வயதில், இந்தத் தொந்தியோடு கட்டிலுக்கு அடியில் நுழைய முடியாது.

"நான்தாங்க... நாலும் ஒண்ணா இருக்கணும்னு திருத்திட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. "அரை மணி நேரம் இருங்க சார்" என்று புதுத் தாளை எடுத்தாள். பஸ் போனாலும் போகட்டும் என்று அவர் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நாலு தாளையும் முடித்துக் கொடுத்தாள் அக்கா. அவர் மறுபடி தட்டினார், அழுத்தினார். என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்பது போல் ஓடினான் அந்த மனிதன்!

ஏழு இன்ஜினியர்களுக்கு நடுவே எட்டாவது ஆளாகச் சேர்ந்தாள் அக்கா. அங்கே ஒரே பெண். காலேஜ் வாசலை மிதிக்காத ஒரே ஆளும் அவள்தான். என் சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் யார் வேலையிலாவது தப்பு கண்ணில் பட்டால், அது எனக்குத் தெரியாத சரியாக இருக்குமோ என்று முதலில் என்மேல்தான் சந்தேகப்படுகிறேன்.