மாமா கொப்பளித்த மருந்து

டோல்கேட் பக்கம் இருக்கும் பல் டாக்டர் எனக்கு மவுத்வாஷ் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. காலையும் இரவும் மூடியில் உள்ள கோடு வரை ஊற்றி, முப்பது எண்ணும் வரை கொப்பளித்துத் துப்ப வேண்டும். நான் முப்பத்தைந்து எண்ணுகிறேன். அவசரத்தில் எண்ணிக்கை ஓடிவிட்டிருந்தால்? துப்பிய பிறகும் ஒரு துளி உள்ளே போயிருக்குமோ என்று தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். "இன்னா தாத்தா, வாய் கொப்பளிக்கறதுக்கு இவ்ளோ பேஜாரா?" என்று பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். இந்த மாதிரி ஒன்றை முழுங்கிவிட்டு நான் பட்ட பாடு அவனுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு எட்டு வயது. ராயபுரத்தில், மாதா கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை; பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. எண்ணுகிற வியாதி எனக்கு அவரிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும்.

ஒரு கப்பல்காரன் கொடுத்ததாக அவரிடம் பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே தேன் நிறத்தில் வாய் கொப்பளிக்கிற மருந்து. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அடுப்புக்கரியில் பல் விளக்கிய காலம் அது. மாமாவோ வேலை முடிந்து வந்ததும், வாசலைத் தாண்டுவதற்கு முன், குழாயடியில் நின்று ஏழு தடவை கொப்பளிப்பார். சம்பள நாளில் பதினான்கு தடவை.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா சோறு போடுகிற சாக்கில் முகத்தருகே குனிந்து மூச்சை இழுப்பாள். "குடிச்சிகினு வந்தா இந்த வூட்ல சோறு கெடையாது, சொல்ட்டேன்," என்பாள்.

"மோந்துதான் பாத்துட்டியேக்கா, அப்புறம் இன்னா?" என்பார் மாமா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அது அக்கா தம்பிக்குள் ஏதோ பழைய சண்டை என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு சுத்தமான மனிதரை அம்மா ஏன் நோண்டுகிறாள் என்று வருத்தமாகக்கூட இருக்கும்.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. நற்கருணையை முதன்முதலாக நாக்கில் வாங்கும் நாள். இருபத்து மூன்று பிள்ளைகள். வரிசையில் நான் பதினோராவது. உபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்டவர் வருகிற வாய் சுத்தமாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. போயிருந்தும் தெரிந்தே வாங்கினால் சாவான பாவம்; பூசை வைக்கிற சாமியாரின் காதில் முட்டி போட்டுச் சொல்லி மன்னிப்பு வாங்கும் வரை அது போகாது.

எனக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். ஒத்திகையின்போது பத்தாவதாக நின்ற பையன் திரும்பிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். "டேய், உன் வாயி கப்பு தாங்கல. சாமி உள்ள வராது, அப்டியே ரிட்டன் பூடும்," என்றான்.

அதனால்தான் அன்று காலை ஆறு நாற்பதுக்கு, வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டையோடு, குழாயடிக்குப் போனேன். மாமாவின் மருந்தை வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன். நாக்கு எரிந்தது. நான்கு எண்ணுவதற்குள் "எங்கடா பூட்டே?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்த, பதற்றத்தில் அத்தனையும் உள்ளே போய்விட்டது.

கோயில் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். பூசை ஏழு மணிக்கு. நன்மை கொடுப்பது ஏழரைக்கு. ஐம்பது நிமிடம்தான் ஆகியிருக்கும். பத்து நிமிடம் குறைகிறது. வாங்கினால், வீட்டுக்குப் போகும் வழியில் ஹார்பர் லாரி அடித்தால் நேரே நரகம். வாங்காமல் வரிசையை விட்டு விலகினால், நாற்பது நாளாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த அம்மா அவ்வளவு பேர் முன்னால் தலை குனிய வேண்டும்.

மாமா எப்போதும்போல் கோயிலுக்குள் வராமல் கேட்டோரம் நின்றிருந்தார். அவரிடம் ஓடினேன்.

"மாமா, உன் பாட்டிலு மருந்த முழுங்கிட்டேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. பத்து நிமிசம் கொறையுது மாமா. வாங்குனா எனக்கு நரகம்."

"இன்னாடா நைனா, இத்த போயி..." என்று சிரிக்கப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். சாமியார் பூசை உடுப்பைக் கையில் எடுத்திருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னார்.

"மருந்து யாருடையது?"

"என்னுது சாமி."

"உனக்கு எதுக்கு அது?"

மாமா என்னைப் பார்த்தார். "நீ வெளிய நில்லுடா," என்றார்.

கதவிடுக்கில் பார்த்தேன். மாமா முட்டி போட்டிருந்தார். சாமியார் உடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். மணி ஏழு ஆயிற்று. ஏழு ஐந்து. கோயிலுக்குள் இருமலும் முணுமுணுப்பும் கிளம்பின.

"இன்னாபா, சாமியாரு தூங்கிட்டாரா?" என்றார் பின் வரிசையில் ஒருவர்.

"புள்ளைங்க பசில மயக்கம் போட்டு வுழப்போவுது," என்றாள் ஓர் அம்மாள்.

எனக்கோ ஒவ்வொரு நிமிடமும் லாபம். ஏழு பதினான்குக்கு மாமா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. என் காலரைச் சரிசெய்தார்.

"பூசையே பதினாலு நிமிசம் லேட்டு. ஒரு மணி நேரம் தாராளமா தாண்டிடும்னு சாமி சொல்ட்டாரு. போ, போயி லைன்ல நில்லு."

எனக்காக எவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறார்! நான் செய்த தப்புக்கு அவர் முட்டி போட்டாரே!

ஏழு நாற்பத்தாறுக்கு நான் நன்மை வாங்கினேன். சாமி ரிட்டன் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள் வந்தார்கள். கடைசி ஆளாக மாமா வந்து நின்றார். அதற்கு முன்னால் அவரை அந்த வரிசையில் நான் பார்த்ததே இல்லை. இன்று பெரியவர்கள் நிறையப் பேர் என்று மட்டும் நினைத்தேன்.

அவர் முட்டி போட்டு நாக்கை நீட்டியபோது, பெண்கள் பக்கத்திலிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூன்று தடவை. எண்ணினேன். மூன்றும் எனக்காகத்தான் என்று வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.